அஜிதாவின் உலகங்கள் எங்கே பிரிய வேண்டும்?

உலகம் விட்டு உலகம் தாவி, அங்கே இருக்கும் இன்னொரு தன்னையே கைதூக்கி விடுகிற நாயகி. இந்தக் கருவை வைத்து ஒரு படக்கதைத் தொடர் செய்கிறோம், நானும் தோழியும். எழுத்து என்னுடையது, படம் அவளுடையது. நாயகியின் பெயரில் தகராறு வரவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலப் புழங்கும் பெயர் வேண்டும் என்று அஜிதா என்று வைத்தோம். வயது 24. கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில், நெய்யாறு இடதுகரைக் கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில் வீடு. தகராறு வந்தது வேறு இடத்தில்: இவளுடைய உலகமும் மற்ற அஜிதாக்களின் உலகமும் எந்தப் புள்ளியில் பிரிந்தன?

ஏதோ ஒரு பின்னணி விவரம்தானே, எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி விட முடியவில்லை. கிளை எங்கே பிரிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்தப் பக்கத்து அஜிதாவுக்கு என்ன குறை, இந்தப் பக்கத்தவள் எதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதெல்லாம் அமைகிறது. பிரிவு தப்பான இடத்தில் விழுந்தால் நாயகி ஊர் ஊராகப் போய் அறிவுரை சொல்லும் தொண்டு நிறுவனக்காரியாகிவிடுவாள். இந்த வகைக் கதைகளில் எனக்குச் சலிப்பு தட்டுவது அங்கேதான். போகிறவள் கையில் எல்லாம் இருக்கும், அங்கே இருப்பவள் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கத்தவளிடமும் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்பதுதான் நான் பிடித்துக்கொண்ட அளவுகோல்.

இன்னொரு விதியையும் முதலிலேயே போட்டுவிட்டோம். இது காலப்பயணம் இல்லை. இங்கே ஐப்பசி என்றால் அங்கேயும் ஐப்பசி. போய் எதையும் முன்கூட்டித் தடுக்க முடியாது, நடந்து முடிந்ததோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

தோழியின் முதல் விருப்பம் குளச்சல். 1741 ஆகஸ்ட் 10, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்ற நாள். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய படையைப் பயிற்றுவித்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். அந்தச் சண்டையில் டச்சுக்காரர்கள் ஜெயித்திருந்தால்? “ஏட்டி, கப்பல், கோட்டை, டச்சுப் பேரு வச்ச தெரு, எல்லாம் வரையலாம்ல” என்றாள். வரைபவளுக்கு இது விருந்து, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு 28 வருடம் என்று வைத்தால் 1741-லிருந்து இன்றுவரை ஏறக்குறையப் பத்துத் தலைமுறை. பத்தாவது படியில் ஒருவருக்கு 1024 முன்னோர் இருக்கிறார்கள். ஒரு துறைமுகமே கைமாறிய பிறகும் அத்தனை பேரும் அதே ஆளைப் பார்த்து, அதே ஆளைக் கட்டி, அதே வரிசையில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். அஜிதா அங்கே பிறந்திருக்கவே மாட்டாள். அதையும் கதைதானே என்று தள்ளிவிடலாம். ஆனாலும் இருவரும் சந்தித்தால் பேச என்ன இருக்கிறது? வீடு வேறு, பேச்சு வேறு, சாப்பாடு வேறு. நாயகி வெறும் சுற்றுலாப் பயணி. ஒரு சிறப்பிதழுக்கு நல்ல அட்டைப்படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையும் யோசித்தோம். 1820-களில் தொடங்கிப் பல முறை வெடித்து, 1859 ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது. அதுவும் அரைகுறை அனுமதிதான். அந்தப் போராட்டம் தோற்றுப்போன உலகம் என்று ஒன்றை வைத்து, அங்கே அஜிதாவை அனுப்பலாமா? நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண்கள் அடிபட்டு, துணி கிழிபட்டு, தாங்களே வாங்கியது அது. வேறு உலகத்திலிருந்து ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஒருத்தி போய் வழிகாட்டுவதாக எழுதக் கை வரவில்லை.

கடலை வைத்த பிரிவுகள் இரண்டு இருந்தன. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று அஜிதா கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய சிறுமி மட்டும்தான். கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று பெயர் சொன்னாலே இங்குள்ளவர்களுக்கு மற்றது தெரியும். கதைக்கு அது பொருந்தவில்லை என்பதை விட, அந்தப் பக்கம் போக எங்களுக்கு மனமில்லை என்பதே சரி.

ஒக்கி புயல் கொஞ்சம் வேறு. 2017 நவம்பர் 29, 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வரும்போது பலர் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். ஒரு உலகில் அப்பா திரும்பினார், இன்னொன்றில் திரும்பவில்லை. இதை விடக் கூர்மையான பிரிவு கிடைக்காது. இருவருக்கும் வயது ஒன்று, வீடு ஒன்று, அதுவரைக்கும் நினைவுகளும் ஒன்று. பிறந்திருப்பாளா என்ற கேள்வியே எழாது. எங்கள் விதிப்படி எச்சரிக்க முடியாது என்பதால், உதவி எல்லாம் அதற்குப் பிறகு வருவதாகவே இருக்கும். படகுக் கடன். உடல் கிடைக்காத சாவு. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும் பொதுச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வீடு எப்படி மூச்சு விடுகிறது என்பதையே பத்து அத்தியாயம் எழுதலாம்.

பிறகு ஏன் எடுக்கவில்லை? இரண்டு காரணம். அப்பா இருக்கிற அஜிதாவால் அப்பா இல்லாத அஜிதாவுக்கு எதைக் கொடுக்க முடியும்? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். அது உதவியா, கொடுமையா என்று எனக்கு இன்னமும் தெளியவில்லை. இரண்டாவது, இது எழுதப்பட வேண்டிய கதை என்றால் கடற்கரையில் பிறந்த ஒருத்தி எழுத வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மலைப்பக்கத்துக்காரிகள். ஒரு வலையின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது.

சரி, மலைப்பக்கம் என்றால் ரப்பர். வீட்டளவில் ஒரு பிரிவு: பாட்டா, அதாவது அஜிதாவின் தாத்தா, மேட்டு நிலத்தில் நின்ற வாழையையும் மரச்சீனியையும் (மரவள்ளி) எடுத்துவிட்டு ரப்பர் வைத்தாரா, இல்லையா? கேட்பதற்குச் சின்ன விஷயம். கிட்டப் போனால் அப்படியில்லை. ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏறக்குறைய 7 வருடம் ஆகும். அந்த ஏழு வருடம் வீடு எதைத் தின்றது என்பதே ஒரு கதை. அதன் பிறகு வெளிச்சம் வருவதற்கு முன்பே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் சொட்ட விட்டு, எடுத்து ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கிப் புகையில் காயப்போடும் வாழ்க்கை. மழை தொடர்ந்தால் வெட்டு நின்றுவிடும், கையில் காசு வராது. விலை ஏறின வருடம் மகளுக்கு நர்சிங் சீட்டு, இறங்கின வருடம் நகை அடகுக் கடையில். இந்த மாவட்டத்து மேற்குப் பாதியில் எத்தனையோ வீடுகளின் கல்யாணமும் படிப்பும் இந்த ஒரு மரத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது, இரண்டு அஜிதாக்களுக்கும் கைவேலை தெரியும் என்பது. ஒருத்திக்குப் பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் கெடாது என்று தெரியும். இன்னொருத்திக்கு வாழையும் மரச்சீனியும் தெரியும். மாற்றிக்கொள்ள இருவரிடமும் சரக்கு உண்டு. குறை என்னவென்றால், இது இரண்டு மூன்று அத்தியாயத்தில் தீர்ந்துவிடும். விவசாய அலுவலகத்துத் துண்டுப் பிரசுரம் போல ஆகிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. தோழி முகத்தைச் சுளித்தது நியாயம்தான்.

அப்புறம் வந்தது 1956. முதலில் அதைப் பெரிதாக யோசித்தோம்: நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேரவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் என்ற ஒன்றே இல்லை. எல்லாம் முன்போலத் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தாலுகாக்கள். நாகர்கோவிலுக்குக் கலெக்டர் அலுவலகம் கிடையாது, ஆனால் தலைமைச் செயலகம் 70 கிலோமீட்டருக்குள். காலையில் பஸ் ஏறி மனுக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நமக்கோ சென்னை 700 கிலோமீட்டர், ஒரு ராத்திரி ரயில். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே அரசு வேலை, தேர்வு, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றும் எப்படி மாறும் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். எதிர்த்தட்டில் மொழி இருக்கிறது. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் போராடியது இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவுகள் வீணாய்ப் போன உலகத்தை விளையாட்டாக எழுதிவிட முடியாது. எழுதினால் அங்கே இருக்கும் யாராவது ஒரு பாட்டி அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்தப் பெரிய 1956-லும் ஒரு சிக்கல் உண்டு. வாசகர்கள் உடனே எந்த உலகம் மேல் என்று கட்சி கட்டிவிடுவார்கள். தமிழ்நாடா கேரளமா என்ற பட்டிமன்றத்தில் அஜிதா காணாமல் போவாள். அதனால் தோழி ஒரு வேலை செய்தாள். வரைபடத்தை எடுத்து, நான்கில் மூன்றை இந்தப் பக்கமே விட்டுவிட்டு, விளவங்கோடு ஒன்றை மட்டும் அந்தப் பக்கம் தள்ளினாள். களியக்காவிளையில் இருக்கும் எல்லை தக்கலைப் பக்கமாக நகர்ந்து வருகிறது. மீதி எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. நாகர்கோவில் அதே நாகர்கோவில், மாவட்டம் கொஞ்சம் ஒல்லி.

இதைப் பார்த்ததும் எனக்கு நெய்யாறு ஞாபகம் வந்தது. அணை கேரளத்தில். அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய். 2004-க்குப் பிறகு கேரளம் தண்ணீர் விடவில்லை, தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விளவங்கோடு கேரளத்திலேயே இருந்திருந்தால் இது மாநிலங்களுக்கு இடையிலான வழக்காகவே ஆகியிருக்காது. அந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதாக எழுத எந்தத் தடையும் இல்லை. ஆக அங்கே அஜிதாவின் வீட்டில் இன்னமும் நெல். இங்கே கால்வாய் வறண்டது, பாட்டா ரப்பர் வைத்தார், 2011 வாக்கில் முதல் வெட்டு. வீட்டளவில் தனியாக நின்ற ரப்பர் கதை, 1956-இன் வயிற்றிலிருந்தே பிறந்துவிட்டது. இரண்டு பிரிவில் எது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு அவசியமே இல்லாமல் போனது.

பிறப்புக் கணக்கு? 1956-இல் பாட்டாவும் பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கண்டிப்பாகப் பார்த்தால் இங்கேயும் அஜிதா பிறப்பது சந்தேகம்தான். ஆனால் 1741-க்கு 1024 பேர், இதற்கு நாலே பேர். அந்த நாலு பேரும் ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்து வளவில். இவ்வளவு சலுகையை வாசகர் தருவார்.

இனி உதவி. இதில்தான் விளவங்கோட்டுப் பிரிவு மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போகிறது. 1956-க்கு முன்னால் நடந்தது எல்லாம் இரண்டு உலகத்துக்கும் பொது. கொள்ளுத்தாத்தா வாங்கின நிலத்தின் பத்திரம் உட்பட. நம் அஜிதா வீட்டில் அளவு தகராறு, பக்கத்து வளவுக்காரர் வேலியை நகர்த்திவிட்டார், மூலப்பத்திரம் கரையான் தின்றுவிட்டது. அந்தப் பக்கத்து அஜிதா வீட்டில் அதே பத்திரம் மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மலையாள எழுத்தில், இங்குள்ள பல வீட்டுப் பழைய பத்திரங்களைப் போலவே. நம்மவளுக்குப் படிக்க வராது, அவளுக்கு வரும்.

தோழி உடனே பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும் காட்சியை வரைய ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். வேறு உலகத்துக் காகிதத்தைக் காட்டி எந்த அலுவலகத்தில் நிற்பது? அது தேவையும் இல்லை. பத்திர எண், வருடம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், இந்த மூன்றும் தெரிந்தால் நகலுக்கு மனுப் போடலாம். அதனால் அஜிதா கொண்டுவருவது உள்ளங்கையில் பேனாவால் எழுதிய ஒரு எண் மட்டும்.

“இத மட்டும் வச்சு என்னட்டி செய்வ?”

“நீ எழுதித் தா. மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன்.”

உதவி என்று நான் நினைத்தது இந்த அளவுதான். பதிலுக்கு நம்மவள் கொடுப்பதும் அதே ரகம். அங்கே பாட்டி தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதக் கட்டை உட்கார்ந்து படித்துச் சொல்கிறாள். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, எனவே அந்த அஜிதாவுக்குத் தமிழ் படிக்க வராது என்பது தானாக நடந்துவிடாது, அவளை மலையாளப் பள்ளிக்கு அனுப்பியது யார் என்பதைக் கதை சொல்லியாக வேண்டும். அது அடுத்த அத்தியாயத்துக்கு உதவும்.

கதவு எங்கே என்பது மிச்சம். அறிவியலிடம் கேட்டால் கதவே கிடையாது. நம் மாவட்டம் பிறந்த அடுத்த வருடம், 1957-இல், ஹியூ எவரெட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். குவாண்டம் அளவீட்டில் ஒரு முடிவு மட்டும் நடந்து மற்றவை மறைவதில்லை, எல்லாமே நடக்கின்றன, தத்தம் கிளையில், என்பது அதிலிருந்து வளர்ந்த பார்வை. ஆனால் பிரிந்த கிளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதும் அதே பார்வையின் பகுதிதான். ஆகவே கதவு பொய். பொய் என்று ஆன பிறகு நல்ல பொய்யாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தை எல்லோரும் சொல்வார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர், கீழே கடல், படத்துக்கு அள்ளும். ஆனால் அது திறந்தது 2024 டிசம்பர் 30. இன்னொரு உலகத்தில் அதைக் கட்டாமல் விட்டிருந்தால் அஜிதா காலை எடுத்து வைத்ததும் தண்ணீரில்தான் இருப்பாள். மாத்தூர் தொட்டிப் பாலம் இன்னும் மோசம். இணைப்புக்குப் பிறகு, 1966-இல் முடிந்தது, விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக. விளவங்கோடு வேறு மாநிலமாக இருக்கும் உலகில் அதைக் கட்டியிருப்பார்களா? பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் நிற்பாள். கதவு எதுவானாலும் பிரிவுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பேச்சிப்பாறை அணை 1906, தகுதி உண்டு. நாகர்கோவில் மணிக்கூண்டுக்கும் உண்டு, ஆனால் நெரிசலில் நடுவீதியில் ஒருத்தி மறைந்தால் போலீஸ் கேஸ். கடைசியில் பத்மநாபபுரம் அரண்மனை என்று முடிவு செய்தோம். வயது மட்டும் காரணமில்லை. நிலம் தமிழ்நாட்டில், அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. நம் உலகத்திலேயே அது பாதி அந்தப் பக்கம்தான். கல்குளம் இரண்டு உலகத்திலும் தமிழ்நாட்டில் இருப்பதால் ஏற்பாடும் இரண்டிலும் அதே. போதாததற்கு நேரக்கட்டுப்பாடும் இலவசமாகக் கிடைக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போக வேண்டும், சாயங்காலம் பூட்டுவதற்குள் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. எந்தச் சாகசமும் ஒரே பகலுக்குள், நடுவில் விளவங்கோட்டுக்குப் பஸ் போக வரவும் சேர்த்து. கதவின் விதிகள் என்று நாங்களாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

படத்தில் ஒரு சங்கடம் உண்டு, முகம் ஒன்றாக இருக்கும் இருவரை வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? வேறு வேறு நிறத்தில் உடை கொடுப்பது சோம்பல். ரப்பர் பால் பட்டால் துணியில் கறுத்துத் திட்டாக நின்றுவிடும், வெளுக்காது. நம்மவளின் சட்டைக் கையில் அந்தக் கறை எப்போதும் இருக்கும் என்று தோழி முடிவு செய்திருக்கிறாள். வயல்வேலைக்காரிக்குக் கணுக்காலில் சேற்றுக் கறை.

மூன்றாவது அஜிதா ஒருத்தியும் வருகிறாள். அவளுடைய உலகத்தில் கால்வாய் வறண்ட அன்றே பாட்டா நிலத்தை விற்றுவிட்டார். அவளுக்குப் பத்திரமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், இவர்கள் இருவரும் வேண்டாம். டீ கொடுத்து அனுப்பிவிடுகிறாள். அவளை ஒன்பதாவது அத்தியாயத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம். நான்காவதிலேயே வர வேண்டும் என்கிறாள் தோழி. உதவி வேண்டாம் என்று சொல்கிற ஒருத்தியை அவ்வளவு சீக்கிரம் காட்டினால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தாவலிலும் நாயகிக்கே சந்தேகம் இருக்கும், தொடருக்கு அது நல்லது என்பது அவள் வாதம். நான்காவது என்றே போட்டிருக்கிறோம்.